ஜாடி மூடியும் பத்து முடிச்சும்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மாலை நாலு மணிக்கு அம்மா தேநீர் ஊற்றினாள்.
2. ஜாடியைச் சாய்த்தபோது மூடி கழன்று கோப்பைக்குள் விழுந்தது.
3. திறந்த வாய் வழியாகத் தேநீர் சரிந்து, மேசைமேல் இருந்த அம்மாவின் இடது கையில் கொட்டியது.
4. அம்மா ஊற்றுவதை நிறுத்தவில்லை.
5. எதிரே இருந்த பக்கத்து வீட்டுப் பிலோமினா அத்தை எழுந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.
6. கொப்புளம் வந்தது.
7. சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு விஷயம் போனது. சொன்னது நான் இல்லை.

நான் அந்த நேரம் துறைமுகத்தில் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தபோது அத்தையிடமிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா கையில் மருந்து தடவி, மேசையைத் துடைத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். தேநீர் வாசனை மட்டும் மரத்துக்குள் இறங்கியிருந்தது.

நாலாவது வரி

மேலே உள்ள ஏழில் நாலாவது வரிதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே திரும்பிவிட்டது என்பது பிலோமினா அத்தையின் கருத்து. இடது கை மட்டும் திரும்பவில்லை. விரல்களை மெதுவாக மடக்குவாள். துணி மடிக்கும்போது ஒரு ஓரத்தை அமுக்கிக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கை உதவும். ஆனால் சூடு, குளிர், வலி எதுவும் அதில் ஏறாது. வைத்த இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

அன்று அத்தை கையை இழுத்தபோது அம்மா கேட்டாளாம்: "ஏளா, யாரு மேல கொட்டிட்டு?"

இந்த ஒரு கேள்விதான் அண்ணனை உலுக்கிவிட்டது. அவன் பெயர் சேவியர். என்னைவிட ஐந்து வயது மூத்தவன், மென்பொருள் வேலை, எதையும் யோசித்துப் பேசுகிறவன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அம்மா இனி தனியாக இருக்கக் கூடாது, நீ பகல் முழுக்கக் கப்பலில் கிடக்கிறாய், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம் வருவதாகவும், திரும்பிப் போகும்போது இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னான்.

அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முயன்றேன். கிடைக்கவில்லை. உணர்வில்லாத கையும் கொதிக்கும் ஜாடியும் ஒரே மேசையில் இருப்பது ஆபத்து என்பதை அவனைவிட நன்றாக நான் அறிவேன். ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அம்மாவின் பதில் வேறு மாதிரி இருந்தது. போனை வாங்கி அவனிடமே சொன்னாள். "அங்கன வந்து நான் என்ன செய்ய? நீயும் ஒம் பொண்டாட்டியும் காலையில வேலைக்குப் போயிருவிய. பத்தாவது மாடியில உக்காந்து நான் யாருக்கு டீ ஊத்த?"

இதைக் கேட்பவர்களுக்கு அம்மா பிடிவாதம் பிடிப்பதுபோல் தோன்றும். அப்படி இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் பகல் பொழுதில் அவளுடையது என்று மிஞ்சியிருந்தது அந்த நாலு மணிதான். சமையலை நான் காலையிலேயே முடித்துவிடுவேன். துணி துவைக்க ஆள் வருகிறது. கோயிலுக்கு யாராவது துணைக்குப் போகிறார்கள். நாலு மணிக்கு மட்டும் அவள் வீட்டுக்காரி. அத்தையும் தெருவில் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள். அவள் ஊற்றுவாள், அவர்கள் குடிப்பார்கள்.

அண்ணனிடம் ஒரு பேரம் பேசினேன். வருகிற அன்று நாலு மணிக்கு மேசையில் உட்கார், அம்மா ஊற்றுவதைப் பார், பிறகு முடிவு செய் என்றேன்.

"மூடி விழுந்தா?" என்றான்.

"விழுந்தா அம்மா பெட்டிய நானே கட்டித் தாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

கப்பலிலிருந்து இறங்கியது

இந்த இடத்தில் ஜாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் தேநீர் என்றால் பாலும் தூளும் சீனியும் ஒன்றாகப் பொங்கி வடிகட்டப்படுவது. அம்மா மட்டும் வெந்நீரில் தூளைப் போட்டு மூடி வைப்பாள், பால் தனி, சீனி தனி. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் தட்டச்சு வேலை பார்த்தவள். அந்த ஆபீஸுக்கு வரும் கப்பல் அதிகாரிகளுக்கு இப்படித்தான் கொடுப்பார்களாம். மேல்நாட்டுப் பழக்கம் என்று, அப்போது உயிரோடு இருந்த அப்பா கிண்டல் செய்வார். பிறகு அவரே பால் ஊற்றாமல் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஜாடியை அம்மா பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் வாங்கினாள். உடைக்கப் போகும் கப்பல்களிலிருந்து வரும் தட்டு, கடிகாரம், இரும்புக் கட்டில் எல்லாம் ஒரு காலத்தில் பஜார் பக்கம் குவிந்து கிடக்கும். அதில் கிடந்த வெள்ளைப் பீங்கான் ஜாடி இது. அடி அகலம், உடம்பு குட்டை. கப்பல் ஆடினாலும் சாயாத கட்டு. கைப்பிடிக்குள் நாலு விரலும் தாராளமாக நுழையும். ஒரே கையால் தூக்க இதைவிட நல்ல ஜாடியை நான் பார்த்ததில்லை. தேடியும் பார்த்தேன்.

மூடியின் அடியில் ஒரு சின்ன முளை இருந்திருக்கிறது. சாய்த்தால் அது ஜாடியின் விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டு மூடியை விழாமல் பிடிக்கும். அந்த முளை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே உடைந்துவிட்டது. அதன் பிறகு அம்மா இடது கை விரலால் மூடியை அமுக்கிக்கொண்டு ஊற்றினாள். யாரும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை. அந்தக் கை போன பிறகுதான் அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்ததே தெரிந்தது.

ஜாடியை மாற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முயன்றவை இவை:

அமுக்கி ஊற்றும் பிளாஸ்க். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று சொல்லி அம்மா அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஸ்டீல் ஜாடி. கைப்பிடியும் சேர்ந்து சுட்டது. நல்ல கையையும் இழக்க நான் தயாராக இல்லை.

கோப்பையில் தொங்கவிடும் டீத்தூள் பை. விருந்தாளிகளுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம்.

பழைய ஜாடிக்கே ஒரு கம்பிக் கிளிப். இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. ஆனால் எங்கள் ஊர் உப்புக் காற்றில் சைக்கிள் கம்பியே நிற்காது. சீக்கிரமே கிளிப்பில் துரு ஏறி, தேநீரில் ஆணி வாசனை வந்தது.

கட்டுவதுதான் என் தொழில்

நான் இயந்திரவியல் படித்தவள். கப்பலில் ஏற்றிய சரக்கு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. எங்கள் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கைகள் நிறையப் போகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அதைச் சங்கிலியாலும் பட்டையாலும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நான் ஒவ்வொரு கட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். வெயிலில் சங்கிலியைத் தொட்டால் கையுறை வழியாகவும் சுடும்.

இந்த வேலையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எது நகரும்? எந்தப் பக்கம் நகரும்? எது அதைத் தடுக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஜாடியை மேசையில் வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டேன். மூடி நகரும். முன்னால் சரியும், பக்கவாட்டில் வழுக்கும், மேலே எழும்பும். எனவே நாலு பக்கமும் கட்ட வேண்டும். பருத்திக் கயிறு எடுத்து, மூடியின் குமிழைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அதிலிருந்து நாலு கயிறு இறக்கி, ஜாடியின் அடியில் கொண்டுபோய் இறுக்கினேன். ஒவ்வொரு சந்திப்பிலும் சதுர முடிச்சு. பார்க்கவும் அழகாக இருந்தது. உள்ளே தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிய பிறகுதான் கட்டினேன். வெறும் ஜாடியில் சோதனை செய்வது சோதனை ஆகாது.

அம்மா வந்து ஜாடியைச் சுற்றிப் பார்த்தாள். "ஏளா ஜெனி, இது எந்த ஊருக்குப் போவுது?"

நான் ஜாடியைக் கழுவுதொட்டிக்கு மேலே கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்தேன். மூக்கு வழியாகத் தேநீர் கொட்டியது. மூடி அசையவில்லை. இன்னொரு கையால் அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"எல்லாம் சரி. இனி தண்ணி எங்கூடி ஊத்த?" என்றாள் அம்மா.

சரக்கு போய்ச் சேரும்வரை திறக்க வேண்டியதில்லை. என் தொழிலின் அடிப்படை அது. ஜாடி திறப்பதற்காகவும் இருக்கிறது என்பது என் கேள்விகளில் எங்கும் இல்லை. சரி, அவிழ்த்துவிடலாம் என்று பார்த்தால், பருத்திக் கயிறு நனைந்து இறுகி, முடிச்சுகள் கல்லாகியிருந்தன. கத்தரிக்கோல் தேட வேண்டியதாயிற்று. அதற்குள் அண்ணனிடமிருந்து பாராட்டு வந்துவிட்டது. அதற்கு நான் பதில் போடவில்லை.

வலைக்கடை

நனைந்தால் இறுகாத கயிறு வேண்டும். வலைக்கடைக்குப் போனேன். உள்ளே பச்சையும் நீலமுமாக நைலான் உருண்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். புது நைலானுக்கு ஒரு மண்ணெண்ணெய் வாசனை உண்டு.

அண்ணாச்சி எத்தனை கிலோ என்று கேட்டார். இரண்டு முழம் போதும் என்றேன். என்ன வலைக்கு என்று கேட்டார். வலைக்கு இல்லை, ஒரு மூடியைக் கட்ட என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் ஹெல்மெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்தார். பிறகு நீலத்தில் நல்ல மெல்லியதாகப் பார்த்து, தாராளமாகவே வெட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த அளவுக்கு என்ன விலை போடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஒரே கையால் திறக்க வேண்டும், ஒரே கையால் மூட வேண்டும், அதே கையால் ஊற்ற வேண்டும். அப்படியானால் பிடிக்கிற கையே கட்டவும் வேண்டும்.

செய்தது இதுதான். கயிற்றின் ஒரு முனையை மூடியின் குமிழில் நிரந்தரமாகக் கட்டினேன். கைப்பிடியின் மேல் வளைவில் ஒரு சின்ன வளையம் பின்னினேன். கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து, மீதி வால் கைப்பிடியின் முதுகில் தொங்கும்படி விட்டேன். அம்மா கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் அந்த வாலின் மேல் வந்து உட்காரும். பெருவிரலால் கீழே இழுத்து அமுக்கினால் கயிறு விறைத்து மூடி அசையாது. விட்டால் கயிறு தளர்ந்து மூடியைத் தூக்கலாம். தூக்கினாலும் அது கைப்பிடியோரம் தொங்குமே தவிரத் தரைக்குப் போகாது.

நைலான் வழுக்கும். பெருவிரலுக்குப் பிடிமானம் வேண்டும். எனவே வாலில் முடிச்சுகள் போட்டேன். கயிற்றை விரலில் மூன்று சுற்று சுற்றி உள்ளே நுழைத்து இழுத்தால் பீப்பாய்போல் உருண்டு வருமே, அந்த முடிச்சு. எங்கள் பங்குக் கோயிலில் நற்கருணை வகுப்புக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கயிற்று ஜெபமாலைக்குப் போடுகிற முடிச்சுதான். கை அதுபாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. எண்ணவில்லை. முடித்த பிறகு பார்த்தால், ஜெபமாலையில் ஒரு வரிசைக்கு இருப்பதுபோல் சரியாகப் பத்து, ஒரே இடைவெளியில்.

அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளை ஜாடியில் நீல மணிகள்.

மூன்றாவது கோப்பை

அண்ணன் வருவதற்குச் சில நாள் முன்னால், நான் அரை நாள் விடுப்பு எடுத்து ஒத்திகை வைத்தோம். விருந்தாளியாகப் பிலோமினா அத்தை. நான் போனை எதிரே சாய்த்து வைத்துப் படம்பிடித்தேன்.

அத்தை முதலில் ஜாடியைத்தான் உற்றுப் பார்த்தாள். பத்து முடிச்சையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினாள். "ஏளா, இதப் பாத்து நான் சிலுவை போடணுமா, கோப்பைய நீட்டணுமா?"

"கோப்பைய நீட்டு. சிலுவையப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள் அம்மா.

இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஜாடியைத் தூக்கினாள். முதல் கோப்பை நிரம்பியது. மூடி கல்போல் இருந்தது. இரண்டாவதும் நிரம்பியது. அத்தை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மூன்றாவது கோப்பையின் பாதியில் மூடி வாயைத் திறந்தது. கயிறு இருந்ததால் விழவில்லை. ஆனால் திறந்த இடத்தில் தேநீர் மொத்தமாகச் சரிந்து மேசையில் ஓடி, ஓரத்திலிருந்து சொட்டியது. கை மடியில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அத்தை துணி எடுக்க உள்ளே போனாள். அம்மா ஜாடியைக் கீழே வைத்தாள். இடது கையை நல்ல கையால் எடுத்து மேசைமேல், ஈரமில்லாத ஓர் இடத்தில் வைத்து, அதைப் பார்த்தாள்.

"அவன்ட்ட சொல்லிரு. நான் வாரேன்னு சொல்லிரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாலையில், சென்னையில் குளிருமா என்று ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். இருந்தாலும் அலமாரியிலிருந்து ஒரு சால்வையை எடுத்து வெளியே வைத்தாள்.

நகர்ந்தது எது

கப்பலில் ஒரு கட்டு தளர்ந்தால் நாங்கள் முதலில் கயிற்றைக் குறை சொல்வதில்லை. என்ன நகர்ந்தது என்று பார்ப்போம். நான் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

கயிறு நழுவவில்லை. வளையம் நழுவவில்லை. குமிழில் போட்ட கட்டு அப்படியே இருந்தது. நகர்ந்தது அம்மாவின் பெருவிரல். முதல் கோப்பைக்கு அது முதல் முடிச்சில் இருந்தது. இரண்டாவது கோப்பைக்கு ஜாடியைச் சாய்க்கும் முன் மெதுவாக அடுத்த முடிச்சுக்கு இறங்கியது. மூன்றாவது கோப்பையின் பாதியில், தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, பெருவிரல் லேசாக எழும்பி அடுத்த முடிச்சைத் தேடியது. அந்த ஒரு கணத்தில்தான் கயிறு தளர்ந்தது.

இன்னொரு முறை ஓட்டினேன். இந்த முறை விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

எத்தனை வருடமாக அந்தப் பெருவிரல் தினமும் மாலை ஜெபமாலையில், ஒரு முடிச்சுக்கு ஒரு 'அருள்நிறைந்த மரியே' என்று, முடிச்சிலிருந்து முடிச்சுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு வரிசையாகப் பத்து முடிச்சைக் கொடுத்துவிட்டு அசையாமல் இரு என்றால் எப்படி இருக்கும்? அதைப் பத்தாகக் கட்டியது யார்? அதே பழக்கம் உள்ள இன்னொரு கை.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது போனைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மதில் பக்கம் திரும்பி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பத்து முடிச்சுக்கு ஒரு தேவ ரகசியத்தைத் தியானிப்பது ஜெபமாலை வழக்கம். அத்தை படத்தைப் பார்த்து முடித்து, மிக அமைதியாகக் கேட்டாள். "நீ எந்தத் தேவ ரகசியத்துல இருந்த?"

"ரகசியமெல்லாம் இல்ல. சும்மா அருள்நிறைதான்" என்றாள் அம்மா.

சால்வை அலமாரிக்குத் திரும்பியது. நான் பார்க்காத நேரத்தில் போயிருக்கிறது.

தீர்வு எளிது. பெருவிரலுக்குப் போக வேறு இடம் இருக்கக் கூடாது. பத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரே ஒரு பெரிய முடிச்சு போட்டேன். கப்பலில் மணிக்கயிற்றிலும் ஏணிக் கைப்பிடியிலும் மாலுமிகள் அழகுக்காகப் பின்னுவார்களே, தலைப்பாகை சுற்றியதுபோல் மூன்று இழை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி வட்டமாக முடிவது, அது. படிப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. படங்களைப் பார்த்துச் செய்தேன். முதலில் வந்தது உருளைக்கிழங்குபோல் இருந்தது. அடுத்தது பரவாயில்லை. கடைசியாக வந்ததன் நடுவில் ஒரு குழி இருந்தது. அம்மாவின் பெருவிரல் அதில் பொருந்தி உட்கார்ந்தது. வேறு எங்கும் போக விரும்பவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஊற்றிப் பார்த்தோம். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு தேநீர். மூடி திறக்கவில்லை.

அண்ணன் உட்கார்ந்தான்

சனிக்கிழமை காலை ரயிலில் அண்ணன் வந்து சேர்ந்தான். கையில் பரிசுப் பொட்டலம். அமுக்கி ஊற்றும் பிளாஸ்க், நாங்கள் வாங்கியதைவிடப் பெரியது. அம்மா நன்றி சொல்லி வாங்கி, பழைய பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

நாலு மணிக்கு மேசையைச் சுற்றி நாலு பேர். பிலோமினா அத்தை கோயிலுக்குப் போகிற சேலை கட்டி வந்திருந்தாள். சாட்சி சொல்ல வந்தவள்போல் நேராக உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

அம்மா நல்ல கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். அது அங்கே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு ஜாடியின் கைப்பிடியைப் பிடித்தாள். பெருவிரல் நீல முடிச்சில் இறங்கியது.

அத்தைக்கு ஊற்றினாள். எனக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொண்டாள். கடைசியாக ஜாடியை நன்றாகக் கவிழ்த்து, அடியில் இருந்ததையெல்லாம் அண்ணனின் கோப்பையில் இறக்கினாள். மூடி அசையவில்லை. ஒரு சொட்டுகூட வெளியே இல்லை.

அண்ணன் ஜாடியைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்த கொப்புளத்தின் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

"மூடி சரிம்மா. இந்தக் கைல பட்டா உனக்குத் தெரியாதே" என்றான்.

"தெரியாதுதான். அதனாலதான் கண்ணால பாத்து வைக்கேன். அடுப்பு பத்த வைக்க முன்ன பாப்பேன், ஊத்த முன்ன பாப்பேன்." தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "சென்னைக்கு வந்தாலும் இதே கைதானலே கூட வரும்?"

அவன் கோப்பையை எடுத்தான். தேநீரைக் குடித்தான். காலியான கோப்பையைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தான். அம்மா அதற்குள் சமையலறைக்குப் போய், கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி ஜாடியைத் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தாள். மூடி கயிற்றில் தொங்கியபடி இருந்ததையும், ஒரே கையால் அவள் அதைத் திருப்பி மூடியதையும் அவன் பார்த்தான்.

பிறகு தானே ஊற்றிக்கொள்வதாகச் சொல்லி ஜாடியைத் தூக்கினான். எல்லோரையும்போல் கைப்பிடியைப் பிடித்தான். பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டான். சாய்த்ததும் மூடி வாயைத் திறந்து, சாசர் நிரம்பி, அவன் பேன்டில் கொஞ்சம் போனது.

"ஏலே, பெருவெரல வை" என்றாள் அம்மா.

"ஐடில இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாவ போல" என்றாள் அத்தை.

அண்ணன் பெருவிரலை முடிச்சில் வைத்து மறுபடி ஊற்றினான். சரியாக வந்தது. அதன் பிறகுதான் சிரித்தான்.

நான் மேசைக்குக் கீழே என் கையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் என் பெருவிரலால் மேசை விளிம்பை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். நகம் வெளுத்திருந்தது. விட்டபோது ரத்தம் திரும்ப வந்து குறுகுறுவென்றது. அந்தக் குறுகுறுப்பை நான் கொஞ்ச நேரம் அனுபவித்தேன் என்றே சொல்ல வேண்டும். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஆறிய தேநீர் எனக்குப் பிடிக்காது. அன்று முழுவதையும் குடித்தேன்.

மாலையில் அண்ணன் போனை எடுத்து இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்தான். ரத்து செய்யும்போது அம்மாவிடம் சில நிபந்தனைகள் சொன்னான். அவள் இரண்டை ஒப்புக்கொண்டாள், ஒன்றை மறுத்தாள். கேமரா வைப்பதைத்தான் மறுத்தாள். கிறிஸ்துமஸுக்குச் சென்னைக்கு வருவதாகவும், போகும்போதே திரும்பி வர டிக்கெட் எடுக்க வேண்டும் என்றும் அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். அவன் சரி என்றான்.

இன்றைய நிலை

அம்மா தூத்துக்குடியில், தன் வீட்டில் இருக்கிறாள். பகலில் தனியாக இருக்கிறாள். இடது கைக்கு உணர்வு வரவில்லை. வருமா என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. நீல முடிச்சு தேநீர் பட்டுப் பழுப்பாகிவிட்டதால் ஒருமுறை மாற்றினேன். அண்ணன் தினமும் நாலரை மணிக்கு அழைக்கிறான், அத்தை எடுத்துப் பேசுகிறாள், ஏனென்றால் அந்த நேரத்தில் அம்மா ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு யாருக்கும் சுடவில்லை.